மயக்க மருந்து ஏறியதும் ஈசிஜி ஏன் மாறுகிறது? ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஈசிஜி பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். பி அலை (இதயத்தின் மேலறைகள் இயங்குவது), கியூஆர்எஸ் (கீழறைகள் இயங்குவது), டி அலை (அவை மறுபடி தயாராவது) எல்லாம் வரிசையாகச் சொல்லத் தெரியும். ஆனால் ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறி ஒரு நிமிடம்கூட ஆகாத நேரத்தில், 84 ஆக இருந்த துடிப்பு 48க்கு இறங்கினால் எந்த சிரிஞ்சை எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்பதைப் பாடப்புத்தகம் பக்கத்தில் வந்து நின்று சொல்லாது. முதலாண்டு அனஸ்தீஷியா மாணவர்களையும் டெக்னீஷியன் பயிற்சிக்கு வந்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே வரும் மருந்து அளவுகள் வயது வந்தவர்களுக்கானவை. சீனியர் பக்கத்தில் இல்லாமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இன்று நாம் கொடுக்கும் பொது மயக்க மருந்துகள் தனியாக நின்று இதயத்தின் தாளத்தைக் கெடுப்பது குறைவு. பெரும்பாலும் கூடவே ஒரு கூட்டாளி இருக்கும்: அட்ரினலின், கார்பன் டை ஆக்சைடு, சர்ஜன் எதையோ பிடித்து இழுப்பது, பொட்டாசியம், வார்டில் போட்டுவிட்ட இன்னொரு மருந்து. கோடு மாறினால் மருந்தின் பெயரோடு நின்றுவிடாமல் அந்தக் கூட்டாளியைத் தேட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க நம் துறைக்கு அறுபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் வின்லேட்டனில், கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்த 15 வயது ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்துபோனாள். மூச்சு நின்றதால் இறந்தாளா, இதயம் நின்றதால் இறந்தாளா என்ற சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது. நிஜாமின் பண உதவியோடு எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் 1888லும் 1889லும் ஹைதராபாத்தில் இரண்டு ஆணையங்கள் நடத்தினார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்துவிட்டு, மூச்சுதான் முதலில் நிற்கிறது, நாடியைப் பார்க்கத் தேவையில்லை என்று முடிவு சொன்னார்கள். அது தவறு. 1911இல் குட்மன் லெவி என்ற ஆய்வாளர் பூனைகளில் செய்த சோதனைகள் விஷயத்தைத் தெளிவாக்கின. குளோரோஃபார்ம் மயக்கம் ஆழமாக இல்லாத நேரத்தில் அட்ரினலின் சேர்ந்தால் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (விஎஃப், கீழறைகள் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குவது) வருகிறது. பயந்துபோய், அரை மயக்கத்தில் வலியையும் உணர்கிற நோயாளிக்கு அட்ரினலினை ஊசியில் கொடுக்க வேண்டியதில்லை. அவர் உடம்பே கொடுத்துவிடும். நிறைய மருந்து போனதால் மட்டுமல்ல, போதாமல் போனதாலும் இதயம் நிற்கலாம் என்பது அன்றைக்குப் பலருக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்திருக்கும்.

முதலில் ஸ்டிக்கர்

ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டுவதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தோலில் எண்ணெயோ பவுடரோ இருந்தால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். முடி அடர்ந்த மார்பென்றால் அந்த இடத்தை மட்டும் மழியுங்கள். ஜெல் காய்ந்துபோன ஸ்டிக்கரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டியபின் நடுவில் அழுத்தினால் ஜெல் பிதுங்கி ஒட்டும் பகுதிக்குப் போய்விடும். சுற்றிலும் ஓரத்தை மட்டும் அழுத்த வேண்டும்.

நிறங்களில் இரண்டு முறை உண்டு. ஐரோப்பிய முறையில் சிவப்பு வலது தோள், மஞ்சள் இடது தோள், பச்சை இடது கீழ், கறுப்பு வலது கீழ், வெள்ளை மார்பு. அமெரிக்க முறையில் வெள்ளை வலது தோள், கறுப்பு இடது தோள், சிவப்பு இடது கீழ், பச்சை வலது கீழ், பழுப்பு மார்பு. ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த தியேட்டர்களில் இரண்டும் இருப்பதுண்டு. அதனால் நிறத்தை நம்பாமல் கிளிப்பில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஐந்து லீட் இருந்தால் மார்பு லீடை வி5 இடத்தில், அதாவது ஐந்தாவது விலா இடைவெளியில், அக்குளின் முன்மடிப்புக்கு நேர் கீழே ஒட்டுங்கள். திரையில் இரண்டாம் லீடும் வி5ம் ஓடட்டும். தாளத்தைப் பார்க்க இரண்டாம் லீட், ஏனென்றால் பி அலை அதில்தான் நன்றாக நிமிர்ந்து தெரியும். ரத்த ஓட்டக் குறைவைப் பார்க்க வி5. எஸ்டி (கியூஆர்எஸ்ஸுக்கும் டி அலைக்கும் நடுப்பகுதி) மாற்றத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் மானிட்டரை 'டயக்னாஸ்டிக்' முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரண முறையில் உள்ள வடிகட்டி கோட்டை அழகாகக் காட்டுமே தவிர எஸ்டியைத் திரித்துவிடும்.

எல்லாம் மாட்டியதும், மருந்து எதுவும் ஏறுவதற்கு முன் ஒரு ஸ்ட்ரிப் அச்சடித்துக் கேஸ் ஷீட்டில் வையுங்கள். பிறகு எந்த மாற்றம் வந்தாலும் அதோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் இருக்கிறது. முன்பே இருந்த கிளைத்தடையை (கீழறைக்கு மின்சாரம் போகும் கிளையில் தடை) மருந்தின் தலையில் கட்டுவதும், புதிதாக வந்ததை 'முன்பே இருந்திருக்கும்' என்று விட்டுவிடுவதும் இந்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் நடப்பவை.

அந்த ஸ்ட்ரிப்பில் கியூடி இடைவெளியையும் அளந்துவிடுங்கள். நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். கியூ தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் இடம் வரை எண்ணுங்கள். 10 கட்டம் என்றால் 400. துடிப்பு 75 என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 0.8 நொடி. அதன் வர்க்கமூலம் சுமார் 0.89. 400ஐ அதால் வகுத்தால் 447. இதுதான் பாசெட் முறையில் திருத்திய கியூடி. ஆணுக்கு 450, பெண்ணுக்கு 460 வரை இயல்பு. 500ஐத் தாண்டினால் ஆபத்து வட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று பொருள். துடிப்பு மிக வேகமாக இருந்தால் பாசெட் கணக்கு மிகையாகக் காட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

மருந்து தொடும் இடங்கள்

துடிப்பு பிறக்கும் இடமான சைனஸ் முனையின் செல்கள் ஓய்வாக உட்காருவதே இல்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அவற்றின் மின்னழுத்தம் தானாக மெல்ல மேலே ஏறி, கால்சியம் உள்ளே பாய்ந்ததும் அடுத்த துடிப்பு பிறக்கிறது. சிம்பதெடிக் நரம்பு இந்த ஏற்றத்தைச் செங்குத்தாக்கித் துடிப்பைக் கூட்டும், வேகஸ் நரம்பு சாய்வாக்கிக் குறைக்கும். மயக்க வாயுக்கள் கால்சியம் பாய்வதை நேரடியாகவே குறைக்கின்றன. ப்ரோபோஃபாலும் வலி மருந்தான ஃபென்டனிலும் பெரும்பாலும் நரம்பின் வழியாக வேலை செய்கின்றன: ஒன்று சிம்பதெடிக்கை அடக்கும், மற்றது வேகஸைத் தூண்டும். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரத்தைக் கடத்தும் ஏவி முனையிலும் இதே கதைதான், அங்கே பிஆர் இடைவெளி (பி அலை தொடங்கி கியூஆர்எஸ் தொடங்கும் வரை) நீளும்.

இரண்டாவது இடம் வென்ட்ரிக்கிள் (கீழறை) மறுபடி தயாராகும் நேரம். செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் அது முடியும். அந்தப் பொட்டாசியக் கதவுகளை மயக்க வாயுக்கள் கொஞ்சம் அடைக்கின்றன. அதனால் கியூடி நீள்கிறது.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும், அது நடக்காத விஷயம் என்பதால்தான் சொல்கிறேன். வழக்கமான அளவில் பொது மயக்க மருந்துகள் கியூஆர்எஸ்ஸை அகலமாக்குவதில்லை. நடுவில் திடீரென்று கியூஆர்எஸ் அகலமானால் வாயுவைக் குறைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பொட்டாசியம் ஏறியிருக்கிறதா, வலிக்காகப் போட்ட நரம்பு பிளாக்கிலிருந்து பியூபிவகெயின் என்ற மரப்பு மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டதா என்று பாருங்கள். பியூபிவகெயின்தான் என்று தோன்றினால் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன், கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே போக வேண்டும். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மயக்கத்தில் ஆழ்த்தும் நிமிடங்கள்

ஃபென்டனில், ப்ரோபோஃபால், தசைகளைத் தளர்த்த வெக்குரோனியம். நம் ஊரில் அன்றாடம் போடும் வரிசை இது. இந்த மூன்றில் எதுவும் துடிப்பை மேலே தள்ளாது. முன்னோர்கள் பழகிய தசை தளர்த்தியான பேன்குரோனியம் துடிப்பை ஏற்றிவிடும், அதனால் ஃபென்டனிலின் வேகத்தடை மறைந்திருந்தது. வெக்குரோனியத்துக்கு அந்தக் குணம் இல்லை. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டு வந்த முதியவருக்கு இந்த வரிசை போனால் 45 வரை இறங்குவது ஆச்சரியமே இல்லை. பிபி நன்றாக இருந்து, பி அலையும் ஒழுங்காக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்; டியூப் போடுவதற்காக லாரிங்கோஸ்கோப் தொண்டைக்குள் போனதும் அதுவே ஏறும். பிபியும் சேர்ந்து இறங்கினால்தான் அதை ஏற்ற மெஃபென்டெர்மின் அல்லது எஃபெட்ரின் 6 மி.கி. தேவைப்படும்.

கெட்டமின் எதிர்த் திசை: சிம்பதெடிக்கைத் தூண்டி துடிப்பை ஏற்றும். அதிர்ச்சியில் வந்தவருக்கு நல்லது, இதயக் குழாய் அடைப்பு உள்ளவருக்கும் பிறவியிலேயே கியூடி நீண்டவருக்கும் வேண்டாம். டெக்ஸ்மெடிடோமிடினை ஒரே தள்ளாகத் தள்ளினால் துடிப்பு பாதாளத்துக்குப் போகும். கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்ற தொடக்க அளவை 10 நிமிடங்களில் ஏற்றச் சொல்வது அதனால்தான். எட்டோமிடேட் இதயத்தை ஏறக்குறையத் தொந்தரவே செய்யாது.

ஸ்கோலினைப் (சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தி) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அசிட்டைல்கோலினின் சாயல் கொண்டது என்பதால் சைனஸ் முனையிலும் வேகஸ் போலவே நடந்துகொள்ளும். பெரியவர்களுக்கு முதல் ஊசியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது முறை போட்டால் துடிப்பு சரியும். குழந்தைகளுக்கு முதல் ஊசியிலேயே சரியலாம். இரண்டாவது தடவை போட நேர்ந்தால் முன்னால் வேகஸைத் தடுக்கும் அட்ரோபின் போகட்டும்.

பொட்டாசியத்தையும் ஸ்கோலின் சுமார் 0.5 மில்லிமோல் ஏற்றும். இயல்பான ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தீக்காயம் பட்டு ஓரிரு நாள் கடந்தவர், முதுகுத்தண்டு அடிபட்டவர், வாரக்கணக்கில் ஐசியூவில் அசையாமல் கிடந்தவர், தசைச்சிதைவு நோய் உள்ள சிறுவன் ஆகியோருக்கு அது கட்டுக்கடங்காமல் ஏறும். முதலில் டி அலை கூடாரம்போல் கூர்மையாகும், பி அலை தட்டையாகும், கியூஆர்எஸ் விரிந்துகொண்டே போய் கடைசியில் அலையலையான ஒரே கோடாகிவிடும். இதெல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும். கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 10 மி.லி. மெதுவாக, தேவைப்பட்டால் மீண்டும். கூடவே வென்டிலேஷனைக் கூட்டுவது, இன்சுலினும் குளுக்கோஸும், நாடி இல்லையென்றால் மார்பு அழுத்தம். இதையெல்லாம் செய்ய நேராமலிருக்க, ஸ்கோலினை எடுக்கும் முன் நோயாளியின் கதையை ஒருமுறை கேட்டுவிடுவது மேல்.

வாயு ஓடும்போது

ஹாலோதேன் என்ற மயக்க வாயு 1956இல் மான்செஸ்டரில் நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. இப்போது பெரும்பாலான இடங்களில் போய்விட்டது. ஆனாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பாடம் முழுமையாகாது, ஏனென்றால் குளோரோஃபார்மின் கெட்ட பழக்கம் இதனிடமும் இருந்தது: அட்ரினலினோடு சேர்ந்தால் விபிசி (கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்பு) வரிசையாக வரும். அதனால்தான் 1 லட்சத்துக்கு 1 என்ற அட்ரினலின் கரைசலை 10 நிமிடத்துக்கு 10 மி.லி.க்கும் ஒரு மணி நேரத்துக்கு 30 மி.லி.க்கும் மேல் சர்ஜன் போடக் கூடாது என்ற விதி வந்தது.

ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் மூன்றும் இந்த விஷயத்தில் சாது. கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் வரை அட்ரினலினைப் பொதுவாகத் தாங்கும். 60 கிலோ ஆளுக்கு 300 மைக்ரோகிராம், அதாவது 2 லட்சத்துக்கு 1 கரைசலில் 60 மி.லி. ஆனால் அந்தக் கரைசல் மரப்பு மருந்தான 2 சதவீத லிக்னோகெயினோடு வந்தால், கிலோவுக்கு 7 மி.கி. கணக்கில் 21 மி.லி.யிலேயே லிக்னோகெயின் எல்லை வந்துவிடும். அட்ரினலினை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

டெஸ்ஃப்ளுரேனை 6 சதவீதத்துக்கு மேல் சடாரென்று திருகினால் துடிப்பும் பிபியும் எகிறும். மயக்கம் போதவில்லை என்று நினைத்து இன்னும் திருகுவது புதியவர்களின் வழக்கம். அது இன்னும் எகிறும். படிப்படியாக ஏற்றுங்கள், அல்லது முன்னால் கொஞ்சம் ஃபென்டனில் கொடுங்கள். செவோஃப்ளுரேனில் துடிப்பு பெரிதாக மாறாது, ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு மாஸ்க்கில் செவோ கொடுத்து மயக்கும்போது துடிப்பு நன்றாகவே இறங்கும். அட்ரோபினைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எந்த வாயுவிலும் அடிக்கடி பார்க்கப்போவது ஜங்ஷனல் ரிதம். சைனஸ் முனை தளர்ந்ததும் ஏவி சந்திப்பு பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பி அலை காணாமல் போகும், அல்லது கியூஆர்எஸ்ஸுக்கு ஒட்டித் தலைகீழாகத் தெரியும். கியூஆர்எஸ் குறுகலாகவே இருக்கும். இளைஞருக்கு இது சும்மா வந்து போகும். விறைத்த இதயம் உள்ள முதியவருக்கு ஏட்ரியம் (மேலறை) தரும் கடைசித் தள்ளு இல்லாமல் பிபி விழும். வாயுவைக் கொஞ்சம் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சர்ஜன் கை வைக்கும் நேரம்

லேப்ராஸ்கோபி பித்தப்பை. நோயாளி 30 வயதுப் பெண், செவோ ஓடுகிறது, பிபி 104. வயிற்றில் வாயு நிரப்பும் வெரஸ் ஊசி உள்ளே போய் சர்ஜன் "கேஸ் ஆன்" என்கிறார். பீப் ஒலி 78இல் வந்துகொண்டிருக்கிறது. அழுத்தம் 8, 10, 12. பீப்புக்கும் பீப்புக்கும் நடுவே இடைவெளி நீள்கிறது. 60. பி அலை கியூஆர்எஸ்ஸுக்குள் புதைந்து மறைகிறது. 41. அடுத்த பீப் வரவே மாட்டேன் என்கிறது.

இங்கே முதல் மருந்து உங்கள் வாய். "சார், கேஸை நிறுத்துங்க, விட்டுடுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், எந்த நல்ல சர்ஜனும் கோபித்துக்கொள்ள மாட்டார். வயிறு தளர்ந்த சில நொடிகளில் பி அலை திரும்பி வரும். வராவிட்டால் அட்ரோபின் ஆம்ப்யூல் 0.6 மி.கி. முழுதாக. அதற்கும் அசையாமல் நாடி மங்கினால் மார்பு அழுத்தமும் அட்ரினலினும். பிறகு மயக்கத்தை ஆழப்படுத்தி, அழுத்தத்தை மெதுவாக ஏற்றச் சொல்லித் தொடரலாம். செவோவும் ஃபென்டனிலும் சைனஸ் முனையைத் தளர்த்தி வைத்திருந்தன. வயிற்றுச் சவ்வு விரிந்ததும் வேகஸ் வேலையை முடித்தது.

மாறுகண் அறுவையில் கண் தசையை இழுக்கும்போதும் இதேதான். 1908இலேயே விவரிக்கப்பட்ட அனிச்சைச் செயல் அது. இழுப்பதை விடச் சொன்னால் போதும்.

கோடு கெட்டால் வரிசை

முதலில் விரலை நாடியில் வையுங்கள். காட்டரி (மின்சாரத்தால் சுட்டு அறுக்கும் கருவி) ஓடும்போது திரையில் விஎஃப் போலவே ஒரு கிறுக்கல் வரும். ஸ்டிக்கர் கழன்றால் நேர்கோடு வரும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலை அழகாக ஓடிக்கொண்டிருந்தால் இதயமும் ஓடுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: ஈசிஜி ஒழுங்காக ஓட, ஆக்ஸிமீட்டர் அலையும் கேப்னோ (வெளிமூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலையும் சரிந்துகொண்டே போனால் மின்சாரம் மட்டும் இருக்கிறது, இதயம் ரத்தத்தைத் தள்ளவில்லை.

நிஜம்தான் என்றால் சர்ஜனை நிறுத்தச் சொல்லி, ஆக்சிஜனை 100 ஆக்கி, கேப்னோவைப் பாருங்கள். விபிசி வந்தால் பலர் லிக்னோகெயினைத் தேடுவார்கள். நான் முதலில் கார்பன் டை ஆக்சைடைப் பார்ப்பேன், பிறகு மயக்கத்தின் ஆழத்தை. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் தீர்ந்துபோனதையும், மயக்க வாயுவைத் தரும் வேப்பரைசர் காலியானதையும் லிக்னோகெயின் சரிசெய்யாது. இரண்டும் சரியாக இருந்தும் விபிசி தொடர்ந்தால் லிக்னோகெயின் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி.

குழந்தைக்குத் துடிப்பு குறைந்தால் வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது ஆக்சிஜன் குறைவுதான். அட்ரோபினை உடைக்கும் முன் டியூப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கியூடி: சில்லறை சில்லறையாகச் சேர்வது

செவோஃப்ளுரேன் தனியாகக் கியூடியைக் கொஞ்சம்தான் நீட்டும், ஒன்றும் ஆகாது. கடைசியில் வாந்திக்கு ஆன்டன்செட்ரான், அதுவும் கொஞ்சம் நீட்டும். நோயாளி இரண்டு நாளாக வாந்தியும் நீர் மாத்திரையுமாக இருந்ததால் பொட்டாசியம் 2.9. வார்டில் போட்டது அசித்ரோமைசின். தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. மொத்தமாகச் சேரும்போதுதான் டோர்சாட் வரும், அதாவது கியூஆர்எஸ் முறுக்கிக்கொண்டு மேலும் கீழும் சுழலும் அந்த விபரீதத் தாளம். டிரோபெரிடால் என்ற வாந்தி மருந்துக்கு அமெரிக்காவில் 2001இல் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்ததும் கியூடி காரணமாகத்தான்.

எனவே கேஸ் ஷீட்டின் மருந்துப் பக்கத்தை மயக்கத்துக்கு முன் ஒருமுறை படியுங்கள். அவசரமில்லாத அறுவையில் கியூடி 500ஐத் தாண்டியிருந்தால் ஒத்திப்போட்டு, பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சரிசெய்துவிட்டு வரச் சொல்வதே என் வழக்கம். பிறவி நீள்கியூடி உள்ளவருக்கு ப்ரோபோஃபாலை ஊசி வழியாகவே ஓட்டுவது நல்லது, அது கியூடியைப் பெரிதாகத் தொடுவதில்லை. டோர்சாட் வந்துவிட்டால் மக்னீசியம் சல்பேட் 2 கிராம். நாடி இல்லையென்றால் ஷாக்.

ப்ரோபோஃபாலுக்கும் ஒரு இருண்ட பக்கம் உண்டு, ஆனால் அது ஐசியூ விஷயம். மணிக்குக் கிலோவுக்கு 4 மி.கி.க்கு மேல் இரண்டு நாள் தாண்டி ஓடினால் அமிலத்தன்மை ஏறி இதயம் சரியலாம். வி1 முதல் வி3 வரை எஸ்டி உயர்ந்து ப்ருகாடா (ஒரு பரம்பரைத் தாளக் கோளாறு) போலத் தெரிந்தால் ப்ரோபோஃபாலை உடனே நிறுத்த வேண்டும்.

ரிவர்சலும் அதற்குப் பிறகும்

தசை தளர்த்தியை முறிக்கும் நியோஸ்டிக்மினைத் தனியாகப் போட்டால் வேகஸுக்கு இணையான அடி விழும். அதைத் தடுக்க, 1 மி.கி.க்கு 0.2 மி.கி. கிளைகோபைரோலேட் என்ற கணக்கில் இரண்டையும் ஒரே சிரிஞ்சில் எடுத்து மெதுவாகக் கொடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வேலை செய்வதால் ஜோடி பொருந்துகிறது. அட்ரோபினோடு சேர்த்தால் முதலில் துடிப்பு ஏறி, பிறகு இறங்கும்.

டியூபை எடுத்ததும் லீடைக் கழற்றாதீர்கள். வலி, நடுக்கம், நிறைந்த சிறுநீர்ப்பை, தேங்கிய கார்பன் டை ஆக்சைடு எல்லாம் தாளத்தைக் கெடுக்கும் நேரம் அது. ரெகவரியில் ஒப்படைக்கும்போது என்ன தாளம் வந்தது, எந்த மருந்துக்குப் பின், எதைச் செய்ததும் சரியானது என்பதை ஸ்ட்ரிப்போடு எழுதி வையுங்கள். ரெகவரி நர்ஸிடம் வாயாலும் சொல்லுங்கள். கியூடி நீண்டது தற்செயலாகத் தெரியவந்திருந்தால் கார்டியாலஜிக்குக் கடிதம் எழுதுங்கள். பரம்பரையாக வருவது என்று உறுதியானால் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்ல வேண்டும்.